பெரியவருக்கு ஒரு சல்யூட்

நீங்கள் பொய் சொன்னீர்கள், கேப்டன்.

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பந்தலுக்குக் கீழே, சால்வை போர்த்திக்கொண்டு, மைக்கில் சொன்னீர்கள். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தீர்கள். பார்த்த பிறகாவது நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு, மிச்சப் பொய்யையும் சொல்லி முடித்தீர்கள்.

போன வாரம் இந்தப் பக்கத்தில் எங்கள் முகாமில் சோறு வடித்த கதையை எழுதியிருந்தேன். படித்துச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரத்துக்குப் பட்டாளத்து முடிவெட்டைப் பற்றி ஒன்று எழுதி வைத்திருந்தேன். விழாவிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அதைக் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "ஒண்ணு எழுதுங்க, இல்ல வெளிய எங்கயாச்சும் போங்க, பாக்குற எனக்குக் கண்ணு சுத்துது" என்றாள் என் மனைவி. எழுதுகிறேன்.

கேப்டனின் பெயரைப் போடப் போவதில்லை. போட்டால் பத்திரிகை ஆசிரியர் அதை அடித்துவிடுவார். தேவையும் இல்லை. எங்கள் ஊரில் கேப்டன் என்றால் யார் என்று டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள்.

செவ்வந்தி மாலை

கறுப்புக் கல். பளபளவென்று இழைத்திருந்தார்கள். மேலே ஒரு பச்சைத் திரை. எங்கள் வாலண்டியர் பட்டாளத்தில் சேவையின்போது செத்துப்போனவர்களுக்கு நினைவுக்கல்.

சிலமலையிலிருந்து காலை பஸ்சில் பேச்சியம்மாள் வந்திருந்தாள். சன்னாசியின் மனைவி. மடியில் ஈரத் துணியில் சுற்றி ஒரு செவ்வந்தி மாலை. கல்லில் புருஷன் பெயர் வருகிறது, வந்து மாலை போடு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நல்ல சேலை கட்டியிருந்தாள். விதவைக்கு ஏது நல்ல சேலை என்று கேட்கிறவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகலாம்.

திரையை இழுத்தார்கள். கைதட்டினார்கள். பேச்சியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம் குனிந்து, "எந்த வரியிலண்ணே இருக்கு?" என்றாள்.

மேலிருந்து கீழ் வரை படித்தேன். திரும்பவும் படித்தேன். மூன்று பெயர்கள். ஒருவன் மஞ்சள் காமாலையில் போனவன். ஒருவன் லாரி கவிழ்ந்து போனவன். ஒருவன் முகாமில் நெஞ்சு வலித்து விழுந்தவன். நல்ல மனிதர்கள். அவர்கள் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

"இல்ல ஆத்தா."

"அடியில பொடி எழுத்துல இருக்கும், நல்லாப் பாருண்ணே."

"அடியில கல் வெட்டுனவன் பேருதான் இருக்கு."

அப்போதுதான் நீங்கள் மைக்கைப் பிடித்தீர்கள். "என் படையில் கோழை கிடையாது. ஒரே ஒருவன் இருந்தான். வரிசையை விட்டு ஓடினான். ஓடியவன் பெயரை இந்தக் கல் சுமக்காது" என்றீர்கள். அதற்கும் கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் சிலமலைக்காரர்களும் இருந்தார்கள். ஓடியவன் யார் என்று அவர்களுக்குத் தெரியும். பாதிப்பேர் திரும்பிப் பேச்சியம்மாளைப் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. மாலையை ஈரத் துணிக்குள் மறுபடி வைத்துச் சுற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பட்டாளம்

வாலண்டியர் பட்டாளம் என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. சம்பளப் பட்டாளம் வேறு. இது யூனியன் சர்க்கார் தொண்டர்களைச் சேர்த்து நடத்திய காலாட்படை. வாரம் முழுவதும் உன் சோலியைப் பார். ஞாயிற்றுக்கிழமை வந்து வரிசையில் நில். வருஷத்துக்கு ஒரு தடவை முகாமுக்கு வா. சண்டை என்று ஒன்று வந்தால் கூப்பிடுவோம், அன்றைக்கு நீயும் முழு சிப்பாய். இதுதான் ஒப்பந்தம். ஊரில் எங்களை 'ஞாயித்துக்கெழமப் பட்டாளம்' என்றார்கள். திங்கட்கிழமை எதிரி வந்தால் என்ன செய்வீர்கள் என்று சலூனில் கேட்பார்கள்.

எழுபதுகள் தொடங்குகிற சமயம். பள்ளிக்கூட மைதானத்தில் ஆள் எடுத்தார்கள். ராசிங்காபுரம், சிலமலை, தேவாரம், போடி டவுன் என்று நாலா பக்கமிருந்தும் வந்து நின்றோம். டாக்டர் நெஞ்சை அளந்தார். மூச்சை இழு என்றார். இழுத்த மூச்சில் பாதி ஏலக்காய் வாசனை. பக்கத்துக் கோடவுனில் பெண்கள் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சட்டையில்லாமல் நிற்பதைப் பார்த்து அவர்கள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதில் நெஞ்சு தானாகவே இரண்டு அங்குலம் விரிந்தது.

நான் நாட்டுக்காகச் சேர்ந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நிலம் பிரிக்கிற பேச்சு. அண்ணனோடு தினமும் வாய்ச்சண்டை. வாரத்தில் ஒரு நாளாவது வேறு யாரிடமாவது திட்டு வாங்கலாம் என்று சேர்ந்தேன்.

சன்னாசி பூட்ஸுக்காகச் சேர்ந்தான்.

அவன் தலைச்சுமை தூக்கி மலை ஏறுகிறவன். அரிசியும் கருவாடும் மேலே போகும், ஏலக்காய் கீழே வரும். மழைக்காலத்தில் கால் இரண்டிலும் அட்டை கடித்துப் புண்ணாகிக் கிடக்கும். மூட்டு வரை வரும் கறுப்பு பூட்ஸை ஹவில்தார் காலில் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டான். "மாப்ளே, இந்தச் செருப்புக்குள்ள எந்த அட்டைடா நொழையும்?" என்றான். பூட்ஸ் கைக்கு வந்ததும் முதல் காரியமாக அதைப் போட்டுக்கொண்டு சிலமலைக்கு நடந்து போனான். ஊர் எல்லை வரை காலில். அதற்குள் குதிகால் வெந்துவிட்டது. ஊருக்குள் நுழையும்போது பூட்ஸ் கழுத்தில் தொங்கியது.

நீங்கள் எங்களுக்கு அதிகாரி. ஏலத் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், வீடு போடியில், படிப்பு மெட்ராஸில். காரில் ஏறி காரில் இறங்கி வளர்ந்தவர். உங்களிடம் இருந்த நல்ல குணத்தையும் சொல்லிவிடுகிறேன்: யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. மற்ற கம்பெனிகளில் அடி விழும். எங்களுக்கு விழவில்லை. அதனால் உங்கள் மேல் எங்களுக்கு ஒரு பிரியம் இருந்தது. இப்போது எழுதும்போது அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

நீங்களும் சிரித்தீர்கள்

எங்களைப் பழக்குவதற்கு வேலூர்ப் பக்கத்து ஹவில்தார் ஒருவர் வந்திருந்தார். முதலில் மூங்கில் கம்பு, பிறகுதான் துப்பாக்கி. கட்டளை எல்லாம் இந்தியில். சில வருஷங்களுக்கு முன்னால் இதே தெருவில் இந்தி வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்திய பயல்கள், 'சாவ்தான்' என்றதும் விறைத்து நின்றோம்.

காவல் நிற்கும் முறையை ஒரு நாள் சொல்லிக் கொடுத்தார். யார் வந்தாலும் முதலில் 'தம்!' என்று கத்த வேண்டும். நில் என்று அர்த்தமாம். பிறகு 'கோன் ஹை?' என்று கேட்க வேண்டும். யார் நீ என்று அர்த்தமாம்.

"தம்முன்னா பத்த வைக்கட்டுமான்னு கேப்பானே ஐயா?" என்றான் சன்னாசி.

ஹவில்தார் முறைத்தார். அவன் விடவில்லை. முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு, "ஐயா, மலையில காவல் நிக்கையில பெரியவரு வந்தாருன்னா, அவருகிட்டயும் கோன் ஹைன்னு கேக்கணுமா?" என்றான்.

"பெரியவரு இன்னா, சின்னவரு இன்னா? ஜெனரலே வந்தாலும் கேக்கணும்டா! பதில் சொல்லலன்னா நகர வுடக் கூடாது!"

மைதானமே சிரித்தது. ஒருவன் கம்பைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ஏன் சிரிக்கிறோம் என்று ஹவில்தாருக்குப் புரியவில்லை. அவர் வெளியூர்க்காரர்.

புரியாத வாசகருக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மலையில் கால் வைத்துவிட்டால் யானையை அந்தப் பெயரால் சொல்ல மாட்டோம். சொன்னால் கூப்பிட்டதாக ஆகும். கூப்பிட்டால் வந்துவிடும். பெரியவர் என்போம். தேவாரத்தில் ஒரு வெள்ளாமைக் காட்டையே மிதித்துத் துவைத்துவிட்டுப் போயிருந்தாலும், "நேத்து பெரியவரு வந்து சாப்ட்டுப் போயிட்டாரு" என்று மரியாதையாகத்தான் வைவார்கள். இங்கே வீட்டுக்குள் உட்கார்ந்து எழுதும்போதுகூட, அந்தச் சொல்லை எழுத வந்தபோது எனக்குக் கை ஒரு நொடி நின்றது.

அன்றைக்கு மைதானத்தின் ஓரத்தில் நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள், கேப்டன். நீங்களும் சிரித்தீர்கள். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தீர்கள். சன்னாசி என் விலாவில் இடித்து, "பாத்தியா மாப்ளே, மொதலாளி மகன்னாலும் நம்ம ஊர்க்காரருடா" என்றான்.

உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எல்லோரும் சிரித்தார்களே என்று சிரித்திருக்கிறீர்கள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சன்னாசிக்குத் தெரியாமலே போய்விட்டது.

எந்த பார்டர்?

கிழக்கே சண்டை மூண்ட வருஷம். எங்களையும் கூப்பிட்டார்கள். போடி ரயில் நிலையத்தில் ஆரத்தி எடுத்தார்கள். 'பார்டருக்குப் போறாங்க' என்று ஊரே பேசியது. பேச்சியம்மாள் வந்து ரயில் கிளம்புகிற வரைக்கும் சன்னாசியைத் திட்டிக்கொண்டே இருந்தாள். "பூட்ஸுக்கு ஆசப்பட்டு உசுரக் குடுக்கப் போற மூதேவி" என்றாள். அவன் சன்னல் கம்பி வழியாகக் காலைத் தூக்கி பூட்ஸைக் காட்டினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரயில் மதுரைக்குப் போனது. அங்கே ஒரு கொட்டகையில் கிடந்தோம். வங்காளமா பஞ்சாபா என்று பந்தயம் கட்டினோம். எனக்கு அங்கேயும் இருப்புக் கொள்ளவில்லை. எங்காவது கொண்டுபோய் விடுங்களடா என்று இருந்தது. கடைசியில் லாரிகளில் ஏற்றினார்கள். லாரி மேற்கே திரும்பியது. தேனி தாண்டியது. போடி கடைவீதி வழியாகவே போனது. சலூன்காரன் கையில் கத்தரிக்கோலோடு வெளியே ஓடி வந்தான்.

"என்ன மாப்ளேகளா, பார்டருக்குன்னீங்க? போடிமெட்டு பார்டராடா?"

அதேதான். மலைச்சாலையையும் அதன் பாலங்களையும், மலையிலிருந்து இறங்கும் மின்சாரக் கம்பிகளையும் காக்கச் சொல்லி எங்களை எங்கள் ஊருக்கே அனுப்பியிருந்தார்கள். அசல் பட்டாளம் எல்லைக்குப் போய்விட்டதால் உள்ளே இருப்பதைப் பார்க்க நாங்கள். வேண்டிய வேலைதான். ஆனால் ஆரத்தி எடுத்த ஊருக்குள் திரும்பி வருவதற்குத் தனித் தைரியம் வேண்டும். விழாவில் நீங்கள் 'எல்லையில் நின்றோம்' என்று பேசினீர்கள். நின்றோம். பக்கத்தில் கேரளா செக்போஸ்டில் கட்டஞ்சாயா குடித்துக்கொண்டு நின்றோம். எங்கள் கம்பெனி மொத்தத்தில் ஒரு குண்டும் சுடவில்லை.

மேல இருந்து வர்றாரு

ஓடை ஒன்றைத் தாண்டுகிற சின்னப் பாலத்தில் எங்கள் காவல். சன்னாசி, நான், தேவாரத்துக் குருவன், இன்னும் இரண்டு பேர். பாலத்துக்கு மேல்பக்கம் ரோடு காட்டுக்குள் ஏறிப் போகும். கீழ்ப்பக்கம் இறங்கினால் இரண்டு வளைவு தள்ளி உங்கள் முகாம். இதை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே காடு, கீழே முகாம், நடுவில் பாலம்.

எங்களிடம் கைப்பிடி சுற்றிப் பேசுகிற போன் ஒன்று இருந்தது. உங்களுக்குக் கம்பியின் மேல் நம்பிக்கை கிடையாது. கத்திக் கத்தித்தான் பேசுவீர்கள். இந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்கும். அந்த வாரம் முழுவதும் உங்களுக்கு ஒரே கவலை. பெரிய அதிகாரி ஒருவர் சோதனைக்கு வரப் போகிறார், எந்த நேரமும் வருவார், எந்தப் பக்கமிருந்தும் வருவார் என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

சாயங்காலம். கண்ணை மறைக்கிற பனியாக மஞ்சு இறங்கத் தொடங்கியிருந்தது. மேல்பக்கம் கிளை முறிகிற சத்தம். காய்ந்த கிளை இல்லை, பச்சைக் கிளை. ஒரு கூட்டமே ஓடைக்கு இறங்க வருகிறது. வழக்கமாக என்ன செய்வோம்? சத்தமில்லாமல் கீழே இறங்கி ஒதுங்கிவிடுவோம், தண்ணீர் குடித்துவிட்டு அவர்கள் வழியில் அவர்கள் போவார்கள். ஆனால் காவலை விட்டு உத்தரவில்லாமல் நகரக் கூடாது. சன்னாசி போனைச் சுற்றினான்.

"சார், பெரியவரு வர்றாரு சார்."

"என்னது! இப்பவா? எங்கிருந்து?"

"மேல இருந்து சார்."

"மேல இருந்துன்னுதான்யா எனக்கும் தகவல்! தனியா வர்றாரா?"

"இல்ல சார், குடும்பத்தோட."

"குடும்பத்தோடயா?"

"ஆமா சார். கைப்பிள்ள ஒண்ணும் கூட வருது."

"எத்தனை ஜீப்பு?"

சன்னாசி போனைக் காதிலிருந்து எடுத்து அதையே ஒரு முறை பார்த்தான். "ஜீப்பு இல்ல சார். நடந்துதான் வர்றாக."

"நடந்தா? சரி, சரி. எல்லாரையும் ரோட்டுல வரிசையா நிறுத்து. பட்டன் எல்லாம் போட்டிருக்கணும். பக்கத்துல வந்ததும் சல்யூட். நான் வர்ற வரைக்கும் ஒருத்தன் நகரக் கூடாது!"

போன் வைக்கப்பட்டது.

"என்னடா சொல்றாரு?" என்றேன்.

"வரிசையா நிக்கணுமாம். சல்யூட் அடிக்கணுமாம்."

"யாருக்கு?"

"பெரியவருக்கு."

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குருவன்தான் விளக்கம் கண்டுபிடித்தான். "மொதலாளி வீட்டுல பிள்ளையாரக் கும்புடாம பச்சத்தண்ணி பல்லுல படாதாம்டா. சாமின்னு நெனச்சு மரியாத பண்ணச் சொல்றாரு."

"சாமிக்குக் கும்புடுதானடா போடணும்?"

"பட்டாளத்துல கும்புடு ஏது? சல்யூட்டுதான்."

இன்று படிக்கிறவர்கள் எங்களை முட்டாள் என்பார்கள். சொல்லட்டும். அந்த மைதானத்தில் நீங்கள் சிரித்த சிரிப்பை நாங்கள் பார்த்திருந்தோம். பெரியவர் என்றால் யார் என்று எங்கள் கேப்டனுக்குத் தெரியும் என்று நம்பினோம். தெரிந்தவர் நில் என்றால், அதற்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நின்றோம்.

எனக்குச் சன்னாசியின் மேலும் கோபம் உண்டு. எத்தனையோ தடவை அவனை மனசுக்குள் வைதிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, போனிலாவது, அந்தப் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இரண்டு எழுத்துடா, பாவி. அவன் சொல்ல மாட்டான். நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

பாலம்

பாலத்தின் கீழ்முனையில் வரிசையாக நின்றோம். பட்டன் எல்லாம் போட்டிருந்தோம். பாலத்துக்கு மிக அருகில் சன்னாசி, கடைசியில் நான். மேல்முனையில், மஞ்சுக்குள், கறுப்பாக அவர்கள் வந்து நின்றுவிட்டார்கள். எங்களைப் பார்த்துத்தான் நின்றார்கள். காது அசைகிற சத்தம் கேட்டது. ஈரத் துணியை உதறுகிற மாதிரி இருக்கும். அப்படியே விட்டிருந்தால் திரும்பிப் போயிருப்பார்கள்.

கீழேயிருந்து உங்கள் ஜீப்பு வந்தது. எங்களுக்குப் பின்னால் நின்றது. நீங்கள் இறங்கினீர்கள். இஸ்திரி கலையாத உடுப்பு. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வரிசையைத் தாண்டி, விறுவிறுவென்று பாலத்தின் மேல் நடந்தீர்கள். மஞ்சுக்குள் கறுப்பாக நிற்பது என்ன என்று நீங்கள் உற்றுக்கூடப் பார்க்கவில்லை.

"சார், பெரியவரு சார்! சார்!" என்று சன்னாசி அடித்தொண்டையில் சொன்னான்.

அதைக் கேட்டதும் நீங்கள் பாலத்தின் நடுவில் குதிகாலை அடித்து நின்று, கையை உயர்த்தி, சல்யூட் அடித்தீர்கள்.

பின்னால் ஜீப்பு டிரைவருக்கு அப்போதுதான் கண் தெரிந்திருக்கிறது. பதறிப்போய் ஹார்னை அழுத்திவிட்டான். குட்டி மிரண்டு பாலத்தின் மேல் ஓடி வந்தது. அதன் பின்னால் தாய்.

நாங்கள் ஓடினோம். நான், குருவன், மற்ற இரண்டு பேர். கீழ்ப்பக்கம், ஜீப்பைத் தாண்டி, வளைவு வரைக்கும். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. பெரியவர் வரும்போது ஓட வேண்டும். எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது.

சன்னாசியும் வரிசையை விட்டு ஓடினான். அதுவும் உண்மை. ஓடும்போது துப்பாக்கியைப் போட்டுவிட்டான். அதுவும் உண்மை. வளைவில் திரும்பிப் பார்த்தபோது, நீங்கள் பாலத்தின் ஓரத்துக் கல்லைத் தாண்டி ஓடைக்குள் விழுந்துகொண்டிருந்தீர்கள். பாலத்தின் நடுவில், நீங்கள் சல்யூட் அடித்த இடத்தில், சன்னாசி நின்றுகொண்டிருந்தான்.

அதற்குமேல் எழுத மாட்டேன்.

அவனை உங்கள் ஜீப்பில்தான் கீழே கொண்டுவந்தோம். உங்களையும் அதே ஜீப்பில்தான். உங்கள் கால் முறிந்திருந்தது. இன்றைக்கும் நீங்கள் லேசாகக் காலை இழுத்து நடக்கிறீர்கள். சண்டையில் பட்ட காயம் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். நீங்கள் இல்லை என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

சன்னாசியின் பூட்ஸ் சர்க்கார் சொத்து. கழற்றித் துடைத்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

ஆமாவா, இல்லையா?

விசாரணைக்கு மதுரையிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். தமிழ் தெரியாதவர். வேலூர் ஹவில்தார்தான் இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வரிசைய வுட்டு ஓடினானா? ஆமாவா, இல்லியா?"

"ஆமா ஐயா, ஆனா அவன் ஓடுனது..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. ஆமாவா, இல்லியா?"

"ஆமா. ஆனா அவரு பாலத்துல..."

"அடுத்தவனைக் கூப்புடு."

நான்கு பேரிடமும் அதே கேள்வி. நான்கு பேரிடமும் அதே பதில். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அதையே சொன்னதாக ஹவில்தார் சொன்னார். ஊர் திரும்பி, ஒவ்வொருவராகப் பிழைப்பைத் தேடிப் போனோம். பிறகு கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். நான் கோயம்புத்தூரில் மில் வேலைக்குப் போய், திரும்பி வந்து இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

பேச்சியம்மாளிடம் அன்றைக்கு, "பெரியவரு அடிச்சிட்டாரு ஆத்தா" என்று மட்டும்தான் சொன்னோம். அவளும் சிலமலைக்காரி. அந்த ஒரு வார்த்தை அவளுக்குப் போதும். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. அந்தச் சாவை ஒரு பெண்ணுக்கு விவரித்துச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

அவள் கேட்டது

விழா முடிந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாளை சிலமலை பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். பஸ் வரவில்லை. செவ்வந்தி மாலையிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் சேலை நனைந்திருந்தது.

"கல்லுலதான் பேரு இல்ல. கல்லு மேல போட்டுட்டு வந்துருக்கலாம்ல ஆத்தா?" என்றேன்.

"அடுத்தவுக பேருக்கு எதுக்கு நான் போடணும்? அவுகவுக வீட்ல மாலை இல்லையா?" என்றாள்.

பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நெசமாவே ஓடுனாராண்ணே?"

"ஓடுனான் ஆத்தா."

"எந்தப் பக்கமா ஓடுனாரு?"

மதுரையிலிருந்து வந்த அதிகாரி அதைக் கேட்கவில்லை. ஹவில்தார் கேட்கவில்லை. பேரைக் கல்லில் வெட்டலாமா என்று கூடிப் பேசிய பெரிய மனிதர்கள் கேட்கவில்லை. கைதட்டிய ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சொன்னேன். போன், சல்யூட், ஹார்ன், பாலம் எல்லாம் சொன்னேன். இந்தத் தடவை எல்லாமே சொன்னேன். இடையில் ஒரே இடத்தில், அவன் பெரியவரை "குடும்பத்தோட வர்றாரு" என்று போனில் சொன்ன இடத்தில், அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ரயில் நிலையத்தில் பொத்திய அதே மாதிரி. சிரித்தாளா என்று எனக்குத் தெரியாது.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்துகொண்டு சன்னல் வழியாக, "இதை நீ சொல்லி என்னண்ணே. அவரு வாயால சொல்லட்டும்" என்றாள். மாலையை மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

ஆகவே, கேப்டன், இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

உங்களைக் காப்பாற்றத்தான் சன்னாசி ஓடினான் என்று நான் சொல்லவில்லை. என்ன நினைத்து ஓடினான் என்று எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் பாலத்திலேயே போய்விட்டான். அவன் பெயரை வெட்டுங்கள் என்றுகூட உங்களிடம் நான் கெஞ்சப் போவதில்லை. கல் வெட்டுகிறவனுக்குக் கூலி கொடுத்து அதை நாங்களே வெட்டிக்கொள்வோம்.

நீங்கள் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்றும் எனக்குத் தெரியும். அவன் எந்தப் பக்கம் ஓடினான் என்று சொன்னால், அந்தப் பக்கம் யார் நின்றார்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் நின்றார்கள் என்று சொல்ல வேண்டும். தலைமுறையாக அந்த மலையில் சம்பாதித்த வீட்டில் பிறந்தும், மலை ஏறுகிறவன் பேசுகிற ஒரு வார்த்தை உங்களுக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டும். தெரியாதது குற்றமில்லை. தெரிந்த மாதிரி சிரித்தீர்கள் பாருங்கள், அன்றைக்குத் தொடங்கியது.

இந்தப் பத்திரிகையில் எழுதுங்கள், ஆசிரியர் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். எழுத வராவிட்டால் அதே கல்லுக்கு முன்னால் வாருங்கள். அதே மைக்செட்டை நான் பிடித்து வைக்கிறேன். சிலமலையிலிருந்து பேச்சியம்மாளை அழைத்து வருகிறேன். தேவாரத்திலிருந்து குருவன் வருவான். கைதட்டியவர்களும் வரட்டும். பேச்சு வேண்டாம், சால்வை வேண்டாம். மேலே காடு, கீழே முகாம், நடுவில் பாலம். ஊர் கேட்க ஒரே ஒரு பதில் சொன்னால் போதும்.

சன்னாசி எந்தப் பக்கம் ஓடினான்?